மாயாஜாலக் கதைகளின் ரசிகர் குழுக்களில் பிள்ளைகளைச் சேர விடலாமா? பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பத்து வயதில் ஹாரி பாட்டரின் ஏழு பாகங்களையும் படித்து முடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முடித்த கையோடு அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். வீட்டில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். வகுப்பில் இரண்டு பேர் படித்திருந்தால் அதிகம். இணையத்தில் இதே கதையை இரவு பகலாகப் பேசிக்கொண்டிருக்கும் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது என்று ஒருநாள் தெரியவரும். "நானும் சேரட்டுமா?" என்று கேட்பார்கள். சில பிள்ளைகள் கேட்காமலே சேர்ந்துவிடுவார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர் குழுக்கள் எல்லாமே நல்லவை என்றோ, எல்லாமே ஆபத்து என்றோ சொல்வதற்கில்லை. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: அது எந்த மாதிரி இடம், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்ப முடியுமா, அங்கே நடப்பதை யார் கவனிக்கிறார்கள். புத்தகத்தின் அட்டையில் போட்டிருக்கிற வயது இந்த விஷயத்தில் உதவாது. "குழந்தைகள் புத்தகம்தானே, பேசுகிறவர்களும் குழந்தைகளாகத்தான் இருப்பார்கள்" என்ற நினைப்பில்தான் பல வீடுகளில் கவனம் தவறுகிறது.

1. அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹாரி பாட்டரின் முதல் பாகம் பிரிட்டனில் 1997 ஜூனில் வந்தது. அன்று பதினொரு வயதில் அதைப் படித்தவர்கள் இன்று நாற்பதை ஒட்டி இருக்கிறார்கள். பலர் கதையை விட்டுப் போகவே இல்லை. குழுக்களை நடத்துவதும், நீண்ட கதைகள் எழுதுவதும், படம் வரைவதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆகவே ஒரே அரட்டையில் பன்னிரண்டு வயதுக்காரரும் முப்பத்தெட்டு வயதுக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லவர்கள். கதைமேல் உள்ள அன்பால் வந்தவர்கள். ஆனால் அவர்கள் தங்கள் வயதுக்கு உரிய விஷயங்களையும் அங்கேயே பேசுவார்கள், எழுதுவார்கள். அதில் தவறும் இல்லை. பிள்ளை எந்தக் கூட்டத்துக்குள் நுழைகிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த ரசிகர் உலகத்தைக் கட்டியதில் சிறுவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மகிள்நெட் என்ற புகழ்பெற்ற ஹாரி பாட்டர் ரசிகர் தளத்தை 1999-ல் தொடங்கியபோது எமர்சன் ஸ்பார்ட்ஸுக்கு வயது 12. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்த பையன். ஏறக்குறைய அதே காலத்தில் ஹெதர் லாவர் என்ற பதின்வயதுப் பெண், கதையில் வருகிற பள்ளிக்கு ஒரு கற்பனைச் செய்தித்தாளை இணையத்தில் நடத்தினார். பல நாட்டுப் பிள்ளைகள் அதற்கு நிருபர்களாக எழுதினார்கள். அவர்கள் எழுதியதைத் திருத்தி வெளியிட்டவர் ஹெதர். திரைப்பட உரிமை வைத்திருந்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ரசிகர் தளங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியபோது, சிறுவர்களின் தளங்களுக்காக எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். நிறுவனம் கடைசியில் இறங்கி வந்தது. ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 2006-ல் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயத்தில் இந்தப் பெண்ணின் முயற்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளைகள் பள்ளியில் எழுதாத அளவுக்கு அங்கே எழுதிப் பழகினார்கள் என்பது அவருடைய வாதம்.

2010-ல் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது ஹாரி பாட்டர் அலையன்ஸ் என்ற ரசிகர் அமைப்பு 1,23,000 டாலருக்கு மேல் திரட்டி, ஐந்து சரக்கு விமானங்களில் மருத்துவப் பொருள்கள் அனுப்ப உதவியது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "வேண்டாம்" என்று சட்டென்று சொல்லிவிட்டால் பிள்ளை இழப்பது வெறும் அரட்டையை மட்டும் அல்ல.

2. பதின்மூன்று வயது விதி எங்கிருந்து வந்தது

கிட்டத்தட்ட எல்லாத் தளங்களும் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. இது குழந்தை உளவியல் தெரிந்தவர்கள் கூடிப் பேசி வைத்த வயது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவில் 1998-ல் இயற்றி 2000-ல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சொந்தத் தகவல்களை இணையதளங்கள் திரட்ட வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஒப்புதல் வாங்குவது பெரிய வேலை. அதனால் பெரும்பாலான நிறுவனங்கள் "பதின்மூன்றுக்குக் கீழே யாரும் வராதீர்கள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டன. ஆக, அது தகவல் திரட்டுவது பற்றிய எல்லை. உள்ளே இருப்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்று அதற்குப் பொருள் கிடையாது.

இந்தியாவில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும் குழந்தை என்றே வைத்து, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு 13 முதல் 16 வரை மாறும். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ரெடிட் உள்ளிட்ட பல சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது.

இங்கே ஒரு வேண்டுகோள். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்க நீங்களே உதவாதீர்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பதின்மூன்று என்று பதிந்தால், பிள்ளைக்கு உண்மையில் பதினைந்து ஆகும்போது தளத்தின் கணக்கில் பதினெட்டு ஆகிவிடும். சிறுவர்களுக்காக வைத்திருக்கிற பாதுகாப்புகள் எல்லாம் அன்றோடு விலகும். அவசரத்தில் 1990 என்று தட்டினால் முதல் நாளிலிருந்தே பெரியவர் கணக்குதான். அதோடு, "விதி என்றால் பொய் சொல்லிக் கடந்துவிடலாம்" என்று பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுத்ததாகவும் ஆகிறது. பதின்மூன்று ஆகாத பிள்ளைக்குக் கணக்கு இல்லாமலே படிக்கக்கூடிய இடங்களும், சிறுவர்களுக்கென்றே அமைத்த இடங்களும் போதும்.

3. எந்த மாதிரி இடம் என்று பாருங்கள்

விக்கி தளங்களில் தொடங்கலாம். ஃபேண்டம் என்ற நிறுவனத்தின் கீழ் ஒவ்வொரு கதைக்கும் ஒரு விக்கி இருக்கிறது. கதாபாத்திரங்கள், மந்திரங்கள், ஊர்கள், வம்சாவளி எல்லாவற்றையும் ரசிகர்களே எழுதி வைத்திருப்பார்கள். படிக்கக் கணக்கு வேண்டாம். விளம்பரம் நிறைய வரும். அடுத்த பாகத்தில் யார் சாகிறார்கள் என்பதும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கலந்துரையாடல் பகுதிக்குப் போகாமல் படிக்க மட்டும் என்றால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய சிக்கல் இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் நல்லது.

அடுத்தது ஸ்கிராட்ச். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007-ல் வெளிவந்தது. 8 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து அமைத்த நிரலாக்கத் தளம் இது. ரசிகர் குழுவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வாரியர்ஸ் என்ற பூனைக் கூட்டங்களின் கதைத் தொடருக்கும், விங்ஸ் ஆஃப் ஃபயர் என்ற டிராகன் கதைத் தொடருக்கும் ரசிகர்களான பிள்ளைகள் அங்கே அசைபடங்களும் விளையாட்டுகளும் செய்து பகிர்கிறார்கள். தனிச் செய்தி அனுப்பும் வசதியே கிடையாது. பேசுவது எல்லாம் பொதுவில்தான். கண்காணிக்க ஆட்கள் இருக்கிறார்கள். சொந்தப் பெயரையும் தொடர்பு விவரங்களையும் போடக் கூடாது என்பது விதி. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் "எனக்கும் ஒரு கூட்டம் வேண்டும்" என்கிற பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

இனி கதைக் களஞ்சியங்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெற்றோருக்கு அதிகம் தெரியாத இடமும் இதுதான், பிள்ளைகள் அதிகம் போகிற இடமும் இதுதான். ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரங்களை வைத்து எழுதுகிற கதைகளுக்கு ஃபேன்ஃபிக் என்று பெயர். இவற்றுக்கான மிகப் பெரிய களஞ்சியங்களில் ஒன்று ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன். ரசிகர்கள் ஏஓ3 என்பார்கள். 2007-ல் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது. 2009-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. விளம்பரம் கிடையாது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. 2019-ல் அறிவியல் புனைவுக்கும் மாயக்கதைக்குமான ஹியூகோ விருதையும் வாங்கியது.

அது ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2007 மே மாதத்தில் லைவ்ஜர்னல் என்ற தளம் சுமார் 500 கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கியது. அவற்றில் ஹாரி பாட்டர் ரசிகர்களின் குழுக்களும் இருந்தன. நிறுவனத்தை நம்பினால் எழுதியது எந்த நேரமும் காணாமல் போகலாம் என்று ரசிகர்கள் உணர்ந்தார்கள். தங்களுக்கென்று சொந்தக் களஞ்சியம் வேண்டும் என்ற பேச்சு ஏற்கெனவே எழுந்திருந்தது. இந்தச் சம்பவம் அதற்கு வேகம் கொடுத்தது. ஆகவே அங்கே அடிப்படைக் கொள்கை, சட்டத்துக்கு உட்பட்ட எந்தக் கதையையும் நீக்குவதில்லை. ஆனால் என்ன இருக்கிறது என்று எழுதியவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வடிகட்டும் பொறுப்பு முழுக்கப் படிப்பவருடையது. பெரியவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. பதினொரு வயதுப் பிள்ளை தனியாக அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. கணக்கே இல்லாமல், "தொடர்க" என்று ஒரு பொத்தானை அழுத்தினாலே பெரியவர்களுக்கான கதையும் திறந்துவிடும்.

அதனால் என் யோசனை இது. பதினைந்து வயது வரை அந்தத் தளத்தைப் பிள்ளை தானாக உலாவ வேண்டாம். நீங்கள் உலாவுங்கள். கதைத் தொடரைத் தேர்ந்தெடுத்த பிறகு வடிகட்டும் பகுதியில், எந்த வயதுக்கு என்று சொல்லும் தரம் என்ற இடத்தில், எல்லோருக்கும் ஏற்றது என்ற பொருள்படும் ஜெனரல் ஆடியன்சஸ் என்பதை மட்டும் குறியுங்கள். எச்சரிக்கை என்ற இடத்தில் "எந்த எச்சரிக்கையும் பொருந்தாது" என்ற பொருள்படும் நோ ஆர்க்கைவ் வார்னிங்ஸ் அப்ளை என்பதைக் குறியுங்கள். வகை என்ற இடத்தில் ஜென் என்று இருக்கும். காதலை மையமாக வைக்காத கதைகள் அவை. "எழுதியவர் எச்சரிக்கையைப் பயன்படுத்த விரும்பவில்லை" என்று இன்னொரு வகை உண்டு. அதற்குள் எதுவும் இருக்கலாம். அதையும், தரம் போடாத கதைகளையும் தவிர்த்துவிடுங்கள். கிடைத்த கதையில் ஒன்றிரண்டு அத்தியாயம் நீங்கள் படித்துப் பாருங்கள். சரி என்று பட்டால், கதையை இபப் அல்லது பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி அங்கேயே இருக்கிறது. இறக்கிப் பிள்ளையின் கருவியில் போட்டுவிடலாம். தளத்துக்குள் போகாமலே பிள்ளைக்குக் கதை கிடைத்துவிடும். நல்ல ஃபேன்ஃபிக் அச்சில் வந்த பல புத்தகங்களுக்குக் குறைந்தது இல்லை என்பதையும் அப்போது நீங்களே பார்ப்பீர்கள்.

ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட் என்ற இன்னொரு தளம் 1998 முதல் இருக்கிறது. கே, கே பிளஸ், டி, எம் என்று நான்கு தரங்கள். முறையே ஐந்து, ஒன்பது, பதின்மூன்று, பதினாறு வயதுக்கு மேல். நாமாக மாற்றாத வரை டி வரையிலான கதைகளைத்தான் பட்டியலில் காட்டும். இது நல்ல விஷயம். ஆனால் கணக்கு வைத்திருந்தால் தனிச் செய்தி உண்டு. விளம்பரமும் உண்டு. கணக்கு இல்லாமல் படிப்பது நல்லது.

யார் வேண்டுமானாலும் கதை எழுதி வெளியிடக்கூடிய வாட்பேட் தளம் கனடாவில் 2006-ல் தொடங்கியது. தமிழிலும் நிறையப் பேர் எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் தமிழில் எழுதிப் பழக வாட்பேடும் பிரதிலிபியும் எளிதாகக் கையில் கிடைப்பவை. வரிக்கு வரி கருத்துச் சொல்கிற வசதி வாட்பேடில் இருப்பதால் எழுதுகிறவருக்கு உற்சாகம் பெருகும். பிரச்சினை, மாயாஜாலம் என்ற பெயரில் முதலிடத்துக்கு வருவது பெரும்பாலும் காதல் கதைகள். அதிலும் மிரட்டுகிற, அடக்கி ஆள்கிற ஆணைக் காதலனாகக் காட்டுகிற கதைகள். இந்த வகையைப் பற்றிப் பெண் பிள்ளைகளோடும் ஆண் பிள்ளைகளோடும் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். தடுப்பதால் மட்டும் ஆகாது.

ரெடிட்டில் ஒவ்வொரு கதைத் தொடருக்கும் குழு உண்டு. படிக்கலாம், கணக்குத் தொடங்கினால் முகம் தெரியாதவர்கள் அரட்டைக்கு அழைக்க முடியும். பதினாறு வயதுக்குப் பிறகு போதும்.

டிஸ்கார்ட் என்று பிள்ளை சொன்னால் கவனமாகக் கேளுங்கள். 2015-ல் கணினி விளையாட்டு ஆடுகிறவர்களுக்காக வந்த அரட்டைச் செயலி அது. இப்போது ரசிகர் குழுக்கள் பலவும் அங்கேதான். சர்வர் என்கிற ஒவ்வொரு குழுவையும் யாரோ ஒரு தனிநபர் நடத்துகிறார். விதியும் கண்காணிப்பும் அவர் விருப்பம். எழுத்து, குரல், காணொளி எல்லாமே உடனுக்குடன். ஒரே சர்வரில் இருக்கிற எவரும் பிள்ளைக்குத் தனிச் செய்தி அனுப்பலாம். அமைப்பில் போய் இதை நிறுத்தலாம். 2023-ல் ஃபேமிலி சென்டர் என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை எந்தக் குழுக்களில் சேர்ந்தது, யாரை நண்பராக்கியது, யாரோடு பேசியது என்று பெற்றோர் பார்க்கலாம். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பள்ளி நண்பர்கள் மட்டும் இருக்கிற சிறு சர்வர் என்றால் பதின்மூன்றுக்குப் பிறகு விடலாம். யார் வேண்டுமானாலும் வரக்கூடிய பெரிய ரசிகர் சர்வர் பதினாறுக்கு முன் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கதாபாத்திரமாகவே மாறி மாறி எழுதுகிற ரோல்பிளே விளையாட்டு இந்தக் குழுக்களில் பிரபலம். மொழி வளர்ச்சிக்கு அருமையான பயிற்சி. ஆனால் இருவர் மட்டும் தனியறையில் ஆடுகிற ரோல்பிளே வேறு விஷயம். "இது நாம் இல்லையே, கதாபாத்திரம்தானே" என்ற சாக்கில் பேச்சு எங்கு வேண்டுமானாலும் போகும். பிள்ளைகளுக்கு ஒரே விதி போதும்: குழுவாக, பொதுவில் மட்டும். கதாபாத்திரங்களின் குரலில் பேசுகிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கேரக்டர் டாட் ஏஐ என்ற நிறுவனமே 2025 நவம்பரில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தடையற்ற உரையாடலை நிறுத்திவிட்டது.

4. சேர்வதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்

பிள்ளை ஒரு குறிப்பிட்ட குழுவின் பெயரைச் சொன்னால், முதலில் நீங்கள் மட்டும் போய்க் கொஞ்ச நேரம் படியுங்கள். விதிகள் எங்காவது எழுதியிருக்கிறதா? குழுவைக் கண்காணிக்கிற மாடரேட்டர்கள் யார் என்று தெரிகிறதா? கடைசியாக ஒரு சண்டை வந்தபோது என்ன செய்தார்கள்? பழைய உரையாடல்களைப் பின்னோக்கிப் பார்த்தால் இது தெரியும். பெரியவர்களுக்கான பேச்சுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்களா, இல்லை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறதா? புதியவர் ஒருவர் அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டால் சிரிக்கிறார்களா, பதில் சொல்கிறார்களா?

வயதைக் கேட்கிற குழுக்கள் உண்டு. அறிமுகப் பகுதியில் பெயர், வயது, ஊர் எல்லாம் போடச் சொன்னால் அந்தக் குழு வேண்டாம். நல்லெண்ணத்தில்தான் கேட்பார்கள், ஆனால் அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முன்பு பாட்டர்மோர் என்ற அதிகாரபூர்வத் தளம் இதை அழகாகச் செய்தது. பயனர் பெயரைத் தளமே கொடுக்கும் சில பெயர்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்தப் பெயரை வைக்க வழியே கிடையாது. இன்று அந்தத் தளம் பழைய வடிவில் இல்லை. அந்தக் கொள்கையை நாம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

5. சில சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிள்ளையின் திரையில் இந்தச் சொற்கள் வரும்போது பதறாமல் இருக்கவும், பதற வேண்டிய இடத்தில் கவனிக்கவும் இவை உதவும். கேனான் என்றால் மூலக் கதையில் உள்ளது. ஏயு என்றால் வேறொரு உலகத்தில் நடப்பதாக மாற்றியது. ஓசி என்றால் ரசிகர் தானே உருவாக்கிய கதாபாத்திரம். ஷிப் என்றால் இரண்டு கதாபாத்திரங்கள் ஜோடி சேர வேண்டும் என்ற ஆசை. இதற்காக நடக்கும் சண்டைகள் ஏராளம். ஸ்லாஷ் என்பது ஒரே பாலினத்தார் இடையிலான காதல் கதை. அதன் தரம் கதைக்குக் கதை மாறும், எனவே தரத்தைப் பாருங்கள். ஃப்ளஃப் என்றால் இதமான, சண்டை சச்சரவு இல்லாத கதை. ஆங்ஸ்ட் என்றால் துயரம். பீட்டா என்பவர் வெளியிடும் முன் படித்துத் திருத்திக்கொடுப்பவர்.

ஸ்மட், லெமன் இரண்டும் பாலுறவு வருணனையைக் குறிக்கும் சொற்கள். டெட் டவ் என்று போட்டிருந்தால், கதையின் மேலே எழுதியிருக்கும் கடுமையான விஷயங்கள் அப்படியே உள்ளே இருக்கும் என்று பொருள். மைனர்ஸ் டிஎன்ஐ என்றால் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் தன்னோடு பேச வேண்டாம் என்று அந்தப் பெரியவர் கேட்டுக்கொள்கிறார். இப்படி எழுதுகிறவரைத் தப்பாக எண்ண வேண்டாம்; பொறுப்போடு எல்லை வகுப்பவர் அவர். அந்த எல்லையைப் பிள்ளையும் மதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

6. கணக்குத் தொடங்கும் நாள்

பதின்மூன்று ஆகிவிட்டது, இடமும் சரி என்று பட்டது. அப்புறம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குத் தொடங்குங்கள். பயனர் பெயரில் சொந்தப் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், பள்ளி எதுவும் வரக் கூடாது. விளையாட்டுகளில் வைத்திருக்கும் பெயரையும் இங்கே வைக்க வேண்டாம். பெயரை வைத்துத் தேடினால் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்கென்று தனி மின்னஞ்சல். முகப்புப் படத்தில் முகம் வேண்டாம். பிள்ளை வரைந்த டிராகன் போதும், அதுதான் அங்கே மதிப்பும் பெறும்.

அமைப்புப் பகுதியில் தனிச் செய்தியை நிறுத்துங்கள், அல்லது நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். இருப்பிடம் காட்டும் வசதியை நிறுத்துங்கள். யாரையாவது பிளாக் செய்வது எப்படி, ரிப்போர்ட் செய்வது எப்படி என்று பிள்ளையையே செய்துகாட்டச் சொல்லுங்கள். தேவைப்படும் நேரத்தில் பொத்தான் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

முதல் மாதம் கூடத்தில், எல்லோரும் புழங்குகிற இடத்தில் வைத்துப் பார்க்கட்டும். தினமும் எவ்வளவு நேரம் என்று சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அமெரிக்காவில் மாலை என்றால் நமக்கு விடியற்காலை; சுறுசுறுப்பான பேச்சு நடக்கும் நேரத்துக்காகப் பிள்ளை தூக்கம் விட்டு விழிப்பது பலர் கவனிக்காத விஷயம்.

நீங்களும் அந்தக் கதையைப் படியுங்கள். முழுத் தொடரும் முடியாவிட்டால் முதல் பாகமாவது. "இன்றைக்குக் குழுவில் என்ன சண்டை?" என்று கேட்கிற அம்மாவிடமும் அப்பாவிடமும் பிள்ளைகள் நிறையச் சொல்வார்கள். கடவுச்சொல்லை வாங்கி ஒளிந்து பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

7. பிள்ளை எழுதத் தொடங்கினால்

இதுதான் இந்த உலகத்தின் மிக நல்ல பகுதி. எழுதட்டும். பீட்டா ஒருவர் கிடைத்தால் மிகவும் நல்லது. ஆரம்ப காலத்தில் ஷுகர்குவில் போன்ற ஹாரி பாட்டர் தளங்கள், ஒருவராவது படித்துத் திருத்தாத கதையை வெளியிட்டதே இல்லை. ஆனால் பிள்ளையின் பீட்டா முன்பின் தெரியாத பெரியவராக இருந்து, பேச்செல்லாம் தனிச் செய்தியில் நடக்கும் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். உறவினர், ஆசிரியர், தோழி யாராவது செய்யட்டும்.

முதல் கடுமையான விமர்சனம் வரும் நாள் ஒன்று உண்டு. "உன் கதை சப்பென்று இருக்கிறது" என்று யாரோ எழுதிவிடுவார்கள். அன்றைக்குப் பதில் எழுத வேண்டாம் என்று முன்பே பேசி வையுங்கள். கருத்துகளைத் தான் பார்த்த பிறகே வெளியிடும்படி வைக்கிற வசதி ஏஓ3-இல் இருக்கிறது. மற்ற இடங்களில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இன்னொன்று: பிள்ளை தன் கதையில் பள்ளியின் பெயர், தெருவின் பெயர், தோழிகளின் உண்மைப் பெயர் போடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓசி கதாபாத்திரம் பெரும்பாலும் பிள்ளையேதான். பிறந்தநாள்கூட அப்படியே இருக்கும்.

பிறர் உருவாக்கிய கதாபாத்திரங்களை வைத்து எழுதியதை விற்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான எழுத்தாளர்களும் பதிப்பகங்களும் ரசிகர் கதைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவது, அதில் பணம் இல்லாத வரைக்கும்தான்.

8. எதைக் கண்டால் உஷாராக வேண்டும்

யாராவது பிள்ளையை வேறு செயலிக்குக் கூப்பிடுவது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறி. குழுவில் இனிமையாகப் பேசிவிட்டு, "இங்கே வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வா, டெலிகிராமுக்கு வா" என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். அளவுக்கு மீறிப் புகழ்வது, பரிசு அனுப்புவதாகச் சொல்வது, "நீ வயதுக்கு மீறிய பக்குவம்" என்பது, "உன் வீட்டில் யாருக்கும் உன்னைப் புரியாது" என்பது, படம் கேட்பது, ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்வது. பிள்ளையின் பக்கத்தில், நீங்கள் வந்ததும் திரையை மூடுவது, விளக்கம் இல்லாத பரிசுப் பொருள், குழுவில் யாரோ ஒருவரின் பெயர் மட்டும் ஓயாமல் வருவது.

அப்படி ஏதாவது நடந்தால் முதலில் பிள்ளையைத் திட்டாதீர்கள். கருவியைப் பிடுங்காதீர்கள். சொன்னால் போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. "என்ன நடந்தாலும் உன் போனை அதற்காக வாங்க மாட்டேன்" என்று முதல் நாளே வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றுங்கள். உரையாடலை அழிக்க வேண்டாம். பயனர் பெயரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் பிள்ளைகளின் அந்தரங்கப் படம் ஏதாவது இருந்தால் அதைப் படம் எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. அப்படியே காவல்துறையிடம் காட்ட வேண்டும். பிறகு தளத்தில் ரிப்போர்ட் செய்துவிட்டு பிளாக் செய்யுங்கள்.

இந்தியாவில் 1098 குழந்தைகள் உதவி எண். இணையக் குற்றங்களுக்கு மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்கு அதில் தனிப் பிரிவு உண்டு. பணம் போயிருந்தால் 1930. பிள்ளையிடம் பாலியல் நோக்கத்தோடு இணையத்தில் பேசுவதும் 2012-ன் போக்சோ சட்டத்தின்கீழ் குற்றமாகும். இலங்கையில் குழந்தைகள் உதவி எண் 1929.

9. "இப்போது வேண்டாம்" என்றால் பதிலுக்கு என்ன

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஆசை அப்படியே இருக்கும். அதே கதையைப் படித்த நான்கைந்து பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள்; பள்ளியில், அடுக்குமாடிக் குடியிருப்பில், உறவினர் வீட்டில், கிளை நூலகத்தில். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா மகளும் அதே தொடரைப் படித்துக்கொண்டிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடட்டும். தூரத்தில் இருந்தால் பெற்றோர் ஒருவரின் கணக்கில் காணொளி அழைப்பு. ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை எதையாவது கொண்டுவர வேண்டும்: வரைந்த வரைபடம், எழுதிய இரண்டு பக்கம், ஒரு வினாடி வினா. ஹெதர் நடத்தியதுபோல் கற்பனை உலகத்துக்கு ஒரு செய்தித்தாள் போடலாம். வானிலை அறிக்கை, காணாமல் போன டிராகன் அறிவிப்பு, தலைமையாசிரியர் பேட்டி என்று நான்கு பக்கம். நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஆசிரியர் பொறுப்பு முறை வைத்து மாறட்டும், எழுத்துப் பிழை பார்க்கிற வேலையும் அப்படியே.